நான் அடைத்த பக்கவாசல்

மலேசியாவில், ஈப்போவில் உள்ள எங்கள் பழைய பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தை அடி அடியாக அளந்து வரைந்தவள் நான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே எரிச்சலும் வந்துவிடுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் கட்டட வரைபடம் படித்து, ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்திருந்தார்.

தேவாலயம் ஸ்காட்லாந்துத் துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. காலையில் ஆங்கில ஆராதனை, மாலை நான்கு மணிக்கு எங்கள் தமிழ் ஆராதனை. கட்டடத்துக்கு வரைபடமே இல்லை என்று சொத்துக் குழுத் தலைவர் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். அவர் ஆங்கில ஆராதனைக்கு வருகிற தமிழர், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். நான் வரைந்து தருகிறேன் என்றேன்.

இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் டேப்பும் ஏணியுமாக அளந்தேன். நீளமான ஒரே கூடம். ஆடம்பரம் எதுவும் கிடையாது. சொரூபம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. முன்னால் நடுவில் பிரசங்க மேடை, அதன் கீழே திருவிருந்து மேசை, அவ்வளவுதான். பக்கத்துக்கு எட்டாக ஒடுங்கிய, உச்சி கூரான சன்னல்கள். அவற்றின் கீழ்ப்பாதியில் தள்ளித் திறக்கும் மரச்சட்டங்கள். கூரையைத் தாங்கும் மெர்பாவ் மர உத்தரங்களில், அந்தக் காலத்துச் சீனத் தச்சர்கள் உளியால் வெட்டிய வரிசைக் குறிகள் இருந்தன. ஏணியில் ஏறியதால் அவை என் கண்ணில் பட்டன. கீழே உட்கார்ந்து பாடியவர்களுக்கு அது தெரியாது என்பதில் எனக்கு ஒரு கர்வம்.

எல்லாவற்றையும் விட என்னைத் தொந்தரவு செய்தது முன்வாசல்தான். ஐந்து சலவைக்கல் படிகள். அவற்றையும் மூடி, இரண்டு சதுரத் தூண்களோடு, படிக்குக் கீழே கார் வந்து நிற்கும் அளவுக்கு நீண்டிருக்கும் போர்ட்டிக்கோக் கூரை. எங்கள் தோட்டத்து மேனேஜர் பங்களாவின் முகப்பு அப்படியேதான் இருக்கும். அந்தப் பங்களாவில் தொழிலாளிகள் யாரும் முன்படி ஏறியதில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போய், கூப்பிடும்வரை நிற்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக லாரி கேட்கப் போனபோதுகூட அம்மா அங்கேதான் நின்றாராம்.

தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களில் தோட்டத்திலிருந்து வந்த அத்தனை பேரும் போர்ட்டிக்கோவைச் சுற்றிக்கொண்டு பக்கவாசல் வழியாகத்தான் வந்தார்கள். முன்கதவு சாத்தியிருப்பதால் என்று முதலில் நினைத்தேன். காவலாளியிடம் சொல்லி இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

"முன்னாலதான் தொறந்து கெடக்கே. ஏம்மா சுத்திப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அது தொர வாசல்லா," என்றார் அம்மா.

"தொர ஊருக்குப் போயி இருவது வருசமாச்சு!"

"போனா என்ன? வாசல எடுத்துட்டா போனான்?"

என் அம்மா அந்த ஐந்து படியையும் தலை நிமிர்ந்து ஏறி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் பாட்டுப் புத்தகங்களும் அங்கிகளும் வைக்க ஓர் அறை வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தது. பக்கவாசலை அடைத்துவிட்டால் அதன் உள்ளே இருக்கும் சின்ன நடையே அறையாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். வரைந்தும் கொடுத்தேன். தலைவருக்கு ஒரே சந்தோஷம். தமிழ் ஆராதனைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்போம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேறு வழியில்லாவிட்டால் முன்னால் வந்துதானே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். பதினைந்தே நாளில் சுவர் எழும்பி, பூசி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு இளவட்டங்கள் முன்படியில் குதித்து ஏறினார்கள். அம்மாவோடு ஏழெட்டுப் பெண்களும் சில ஆண்களும் அடைத்த வாசலுக்கு வெளியே உள்ள பக்க வராந்தாவில் நின்றார்கள். சன்னல் சட்டங்களைத் தள்ளித் திறந்து, வெளியே நின்றபடியே பாடினார்கள். நான் உள்ளிருந்து எழுந்து அவர்களிடம் ஓடினேன்.

அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய அக்கா ஒருத்தி சிரித்தாள். "பாத்தியா, ஒம் மக படிச்சிப்புட்டு நமக்கு வாசலே இல்லாம பண்ணிட்டா!"

"நல்லாத்தான்லா இருக்கு," என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன். "உள்ள தூங்குனா போதகர் பாப்பாரு. இங்க யாரு பாக்கப் போறா?"

அம்மா சிரிக்கவில்லை. "நீ போ. பாட்டு முடியப் போவுது," என்றார்.

மூன்றாவது ஞாயிறு மழை கொட்டியது. வராந்தாவில் சாரல் அடித்தது. இன்றைக்கு உள்ளே வந்துதானே ஆக வேண்டும் என்று, வெட்கமில்லாமல் மழையை நம்பி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஓடிவரும் சத்தமும் கேட்டது. ஓடிவந்தவர்கள் போர்ட்டிக்கோவுக்குள் நின்றுவிட்டார்கள். படிக்குக் கீழே, கார் நிற்கிற இடத்தில், ஈரக்குடைகளோடு.

"இன்னும் அஞ்சே படிம்மா," என்றேன். என் குரல் கெஞ்சியது எனக்கே பிடிக்கவில்லை.

"இங்க நனையலலா. போதகர் பேசுறது நல்லாக் கேக்குது. நீ ஏன் ஆளுங்க முன்னால கைய புடிச்சி இழுக்குற?"

கையை விட்டேன்.

சுவரை இடித்துக் கதவை மறுபடி வைக்க வேண்டும் என்று தலைவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடைக்கச் சொன்னதும் நீதானேம்மா? சரி, வரைஞ்சி எழுதிக் குடு. குழுவில வைப்போம்."

வரைந்தேன். விண்ணப்பத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் அம்மா முன்படி ஏற மாட்டார் என்று எழுத வேண்டும். இல்லை, எங்கள் ஆட்கள் ஏற மாட்டார்கள் என்று எழுத வேண்டும். ஆங்கில ஆராதனைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். கடைசியில் 'காற்றோட்டத்துக்காக' என்று எழுதினேன்.

தாள் பத்து நாளில் திரும்பி வந்தது. பதினாறு சன்னல் இருக்கிறது, காற்றோட்டம் போதும், கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று நேர்த்தியான கையெழுத்தில் பதில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை. கேட்டதற்குத்தான் பதில் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "கதவு வெப்பாங்களாமா?"

"மாட்டாங்களாம்."

"ஏனாம்?"

"காத்து போதுமாம்."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காத்தா? நாம காத்தா கேட்டோம்?"

நான் குழாயைத் திறந்து, கழுவின பானையையே மறுபடி கழுவினேன்.