கழட்டிக் குடுத்த தாலிக்கொடி

போன மாரி முடிஞ்சு குளம் தளும்பிக்கொண்டு கிடந்த நேரம். தர்மபுரத்தில எங்கட ஜெபவீட்டுச் சனம் எனக்கு ஞானஸ்நானம் தர நாள் குறிச்சிருந்தது. நான் எவ்வளவோ காலமா ஆசைப்பட்ட நாள். ஆனா அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. எல்லாம் கழுத்தில கிடந்த தாலிக்கொடியாலதான்.

எங்கட ஜெபவீட்டில ஒருத்தரும் நகை போடுறேல்லை. குண்டுமணித் தங்கம் கூட இல்லை. பொன்னை நம்பினால் அதுவும் ஒரு விக்கிரகம்தான் எண்டு பாஸ்டர் சொல்லுவார். எனக்கும் அது சரியாத்தான் படும். கலியாண வீட்டில எங்கட சனம் பொம்பிளையின்ர முகத்தைப் பாக்க முதல் கொடியின்ர தடிப்பைத்தானே பாக்கும்!

ஆனா என்ர கொடி வேற கதை. போரின்ர கடைசிச் சண்டையில என்ர மனுசன் காணாமல் போனவர். காப்பு, சங்கிலி எல்லாம் இடம்பெயர்ந்த இடங்களில அரிசியாயும் மாவாயும் போயிட்டுது. கொடியை மட்டும் நான் விக்கேல்லை. எங்கட வீட்டில இருந்த ஒரே சொத்தும் அதுதான். அவர் செத்துப்போனார் எண்டு எனக்கு ஆரும் காட்டேல்லை. பிறகு என்னெண்டு கழட்டுறது? கழட்டினா நானே அவருக்குச் செத்தவீடு செய்த மாதிரி.

அதால ஞாயிறுகளில கொடியைச் சட்டைக்குள்ள விட்டு, ஊசி குத்திக்கொண்டு போவன். கர்த்தருக்குக் கண் தெரியாது எண்டு நினைச்சனோ என்னவோ!

கடைசியில பாஸ்டரிட்டையே கேட்டன்.

"நான் கழட்டச் சொல்லமாட்டன் அக்கா. உங்கட மனசில ஆண்டவருக்கு முன்னால வேற ஆரும் இருக்கினமோ எண்டு நீங்கள்தான் பாக்கவேணும்" எண்டார்.

கழட்டு எண்டு சொல்லியிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். இப்பிடிச் சொன்னா மனுசி என்ன செய்யிறது? ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா கை தானாக் கொடிக்குப் போகும். ஓம், என்ர மனுசன் இருக்கிறார். முன்னாலதான் இருக்கிறார்.

ஞானஸ்நானத்தண்டு காலமை கழட்டிப்போட்டன். வீட்டில நானும் மாமியும்தான். மாமி அவரைப் பெத்த தாய். சைவம். அம்மாள் சாமிக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணி பல்லில படாது. நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினதுக்கு அவா ஒருநாளும் ஏசினதில்லை. ஆனா இதைக் கண்டா நெஞ்சிலடிச்சுக் குழறுவா எண்டு பயந்தன். குசினியில அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவாவின்ர கையில கொடியை வைச்சு, "மாமி, இதை நீங்கள் வைச்சிருங்கோ" எண்டன். அவா என்ர கழுத்தைப் பாத்தா. கையைப் பாத்தா. கொடியைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுபோட்டுத் திரும்பவும் அடுப்பை ஊதினா. அதுக்கு அவா குழறியிருக்கலாம்.

குளத்தில முழுகி எழும்பினன். கரையில நிண்டவை பாடிச்சினம். மனசில இருந்த பாரம் இறங்கினது உண்மை, பொய் சொல்லமாட்டன். அழுது அழுது சிரிச்சன்.

ஈர உடுப்போட வீட்டை வந்தா, சுவரில அடிச்ச சாமித் தட்டில விளக்கு எரியுது. அம்மாள் படத்தில என்ர கொடி மாலையாத் தொங்குது. தாலியில புதுக் குங்குமம் வேற.

விக்கிரகம் எண்டு நான் கழட்டினதை மனுசி கொண்டுபோய்ச் சாமிக்கே போட்டுட்டாவே! "என்ன மாமி இது?" எண்டு கத்திப்போட்டன்.

மாமி திரும்பாமலே சொன்னா: "நீ உன்ர சாமியிட்டப் போ பிள்ளை, நான் மறிக்கேல்லை. ஆனா அவன் வருமட்டும் ஆரெண்டாலும் இதைப் போட்டிருக்கத்தானே வேணும். அம்மாள் போட்டிருக்கட்டும்."

கோவமோ அழுகையோ, எது வந்தது எண்டு இப்பவும் தெரியாது. கொடியை நான் இறக்கேல்லை. பாஸ்டருக்குச் சொல்லவும் இல்லை. தினமும் விளக்கு வைக்கிற மாமி தனக்கெண்டு ஒண்டும் கேட்டு நான் காணேல்லை, மகனைத்தான் கேக்கிறா. முழுசாக் குடுக்கிறது எண்டது அவா செய்யிறதோ, நான் செய்ததோ?

இண்டைக்கும் "முழு மனசோட உம்மை நேசிக்கிறன் ஆண்டவரே" எண்டு முழங்காலில நிக்கேக்க கை பழக்கத்தில கழுத்துக்குப் போகுது, அங்க ஒண்டும் இல்லை எண்டதும் கண் என்னை மீறி அந்தப் படத்தைத் தேடுது, அந்த நேரம் நான் ஆரைக் கும்பிடுறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.