எருக்கஞ்செடியில் தொங்கிய கூடு

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் எருக்கஞ்செடி தானாக முளைத்திருந்தது. ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று அதில் முட்டையிட்டது. புழு வளர்ந்து, இலைக்கடியில் பச்சைக் கூடாகத் தொங்கியது. பத்து நாளில் பிளந்துவிட வேண்டும். அந்த வருடம் தைப் பனி வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது. இருபது நாளாகியும் கூடு அப்படியே இருந்தது. உள்ளே குளிரில் செத்துவிட்டதோ என்று தினமும் போய்ப் பார்ப்பேன்.

அந்த நேரம் பார்த்து அரியலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. "எருக்கு மொளச்ச வூட்ல எவன் பொண்ணெடுப்பான்? வெட்டிப் போடுடா" என்று அம்மா அண்ணனிடம் சொன்னாள்.

என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. செடி அதுவரை பூத்ததில்லை. முதல் மொட்டுகளில் ஊதா தெரிந்ததை யாரும் பார்க்கும் முன்பே கிள்ளி எறிந்தேன். அடியில் ஒரு கல்லை வைத்து, மஞ்சள் பூசிக் குங்குமமும் இட்டு, "வெள்ளெருக்கும்மா, பிள்ளையார் குடியிருக்காரு" என்றேன். அண்ணன் அரிவாளைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்று நானே நினைக்கவில்லை.

அவர்கள் வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை காலை கூடு கறுத்திருந்தது. இறக்கை முற்றினாலும் கறுக்கும், செத்தாலும் கறுக்கும். நின்று பார்க்க விடாமல் எனக்குப் பட்டுப்புடவை கட்டிப் பாயில் உட்கார வைத்தார்கள். கொல்லையில் கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா, செடியடியில் இருந்த கல்லையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"வெள்ளெருக்கு வச்சிருக்கீங்களே! வடக்க போற வேர்ல பிள்ளையார் செஞ்சு வச்சா வூடு வெளங்கும்னு எத்தன நாளாத் தேடுறோம். வேரோட எடுத்துக் குடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று கேட்டதும் அம்மா அண்ணனுக்குக் கண் காட்டினாள். கொல்லையில் கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. குனிந்த தலையோடு இரண்டு குத்து பொறுத்தேன். மூன்றாவதில் எழுந்து ஓடினேன்.

செடி சாய்ந்துகொண்டிருந்தது. கூடு தொங்கிய இலையைக் கிள்ளி எடுத்தேன். புடவையெல்லாம் எருக்கம்பால்.

மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்துவிட்டார். "பொண்ணு பாதியில எந்திரிச்சு ஓடுது, என்னங்க இது?"

"இது வெள்ளெருக்கு இல்லீங்க, சாதா எருக்குதான். மொட்ட நாந்தான் கிள்ளிட்டேன். கல்லும் நான் வச்சதுதான்" என்றேன். கூடு கைக்கு வந்த பிறகு பொய் எதற்கு?

வைத்த காபியைத் தொடாமல் மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மா விளக்குமாற்றோடு என்னை நோக்கி வந்தபோது, என் கையிலேயே கூடு பிளந்து, ஈர இறக்கை ஒன்று வெளியே வந்தது. உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷம் தாங்காமல் தேம்பித் தேம்பி அழுதேன். சம்பந்தம் போன துக்கம் என்று நினைத்து அம்மா அன்றைக்கு அடிக்காமல் விட்டுவிட்டாள்.