திராட்சை ஊறியது எதில்?

ஊட்டி காந்தல் பகுதியில், குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீட்டில் என் தம்பி இருக்கிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போனபோது, எல்லோருக்கும் திராட்சை போட்ட ஹோம்மேட் சாக்லேட் வாங்கிப் போனேன்.

முதலில் கடித்த தம்பி உடனே துப்பினான்.

"அக்கா, இந்தத் திராட்சையில ரம் இருக்குது."

அவன் பார்வை வாசலுக்குப் போனது. "எனக்கு இப்பவே குடிக்கோணும்னு இருக்குது" என்று எல்லோர் முன்பும் சொன்னான்.

வழக்கம்போல் நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் மற்றவர்கள் சாக்லேட்டை ஒதுக்கிவிட்டு அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த ஆசை அடங்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

"சொல்லாம எந்திரிச்சுப் போயிருந்தாத்தானுங்க பயப்படோணும்" என்றார் ஒருவர் என்னிடம்.

இப்போது, திராட்சையை எதில் ஊறவைத்தார்கள் என்று கேட்காமல் சாக்லேட் வாங்குவதில்லை. "குடிக்கோணும் போல இருக்குதுக்கா" என்று தம்பி போனில் சொன்னால், திட்டுவதுமில்லை. அவன் வேறு பேச்சுக்கு வரும்வரை போனை வைப்பதில்லை.

- ஒரு வாசகி, குன்னூர்