தண்ணீர் ஊற்றாத சோறு

பல்கீஸ் எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், முதலில் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்பாள். கலியாண வீடு, இறந்தவருக்குக் கத்தம் ஓதும் வீடு என்ற வித்தியாசம் இல்லை. உருட்டி முடித்த பிறகு எதுவும் சொல்லமாட்டாள். சமைத்தவர்களுக்கு அதுதான் கூடுதலாகக் கோபம் வரும். மூதூரில் ஒரு வீட்டார் இதற்காகவே அவளை மறுபடி அழைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக நான் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். யுத்த காலத்தில் அவள் சீனச்சோறு பொரிக்கப் பழகியபோது வந்த பழக்கம் இது. இப்போது கடைகளில் பிறைட் றைஸ் என்று விற்பதற்கு அப்போது எங்கள் தெருவில் அந்தப் பெயர்தான்.

பல்கீஸ் என் கணவர் முனாப்பின் தங்கை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பல்கீஸுக்கும் ஒரு வீடு இருந்தது. அவளுடைய கணவர் அதை விற்று இரங்கூனில் கடை வைத்தார். ஜப்பான்காரர் இரங்கூனைப் பிடித்த பிறகு கடிதம் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, அங்கிருந்து நடந்தே தப்பி வந்த ஒருவர் அவர் இறந்துவிட்டார் என்ற மவுத்துச் செய்தியைக் கொண்டுவந்தார். அவள் எங்கள் வீட்டுப் பின்னறையில் நாலு மாதமும் பத்து நாளும், விதவைகள் வெளியே வராமல் இருப்பதுபோல், இத்தா இருந்தாள். இத்தா முடிந்த பிறகும் அங்கேயே இருந்தாள்.

எங்கள் வீடு என்னுடைய சீதன வீடு. அதில் யார் இருப்பது என்று முடிவெடுப்பவர் என் கணவர்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு தென்மேற்கில் இருந்து கச்சான் காற்றுத் தொடங்கிய நேரம், கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருந்த அலியார் முதலாளி பல்கீஸைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் ஏழு பேர். அலியார் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். பல்கீஸும் சொன்னாள். வேண்டாம் என்றும் சொன்னாள்.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஊரில் ஒருமுறை குண்டு விழுந்துவிட்டது, இன்னொருமுறை விழலாம் என்று பயந்தார். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கிழமையின் ஏழு நாளில் நாலு நாளைக்குத்தான் வந்தது. மற்ற நாட்களில் கோதுமை மா ரொட்டி. அரிசி ஆலைக்காரர் வீட்டில் அந்தக் கவலை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சம்மதம் என்று சொல்லி அனுப்புவதாக இருந்தார்.

அந்தக் கிழமையின் தொடக்கத்தில்தான் சிவகுரு வந்தார். துறைமுகத்து வேலைத்தளத்தில் இருந்த உத்தியோகத்தர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கும் கொந்தராத்து அவருடையது. அங்கிருந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளர் ஒருவர் முன்பு ஹொங்கொங்கில் வேலை செய்தவராம். கறியும் சோறும் போதும், பொரித்த சோறு கொண்டுவா என்று ஒவ்வொரு நாளும் சிவகுருவைக் கரைச்சல்படுத்தினார். சமைக்கத் தெரிந்த ஆளைத் தேடி சிவகுரு ஊரெல்லாம் அலைந்துவிட்டார். அதைத் தன் கஷ்டமாகத்தான் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னறைத் திரைக்குப் பின்னால் இருந்து பல்கீஸ், தனக்குத் தெரியும் என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லவேண்டும். குண்டு விழுந்தபோது பக்கத்து வீட்டார் ஓடிப்போனார்கள். நேவி அந்த வீட்டை எடுத்துக் காயப்பட்ட கப்பற்காரரை வைத்தது. அதில் கால் முறிந்த சீனச் சமையற்காரர் ஒருவர் இருந்தார். பெயர் லாம் என்று பால்காரர் சொன்னார். கால் கொஞ்சம் குணமானதும் அவர் முற்றத்தில் அடுப்பு மூட்டி, காலை பத்து மணியளவில் மற்றவர்களுக்குச் சோறு பொரிக்கத் தொடங்கினார். பல்கீஸ் வேலி ஓட்டையால் பார்த்தாள். அவர் பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார் என்று கேள்விப்பட்டு என் கணவர் அந்த ஓட்டையைக் கிடுகு வைத்து அடைத்தார். பல்கீஸ் கீழே இன்னொன்று கண்டுபிடித்தாள். அது உட்கார்ந்து பார்க்க வசதியாக இருந்தது. ஐந்து மாதம் பார்த்தாள். பிறகு கால் சரியாகி அவர் வேறு கப்பலுக்குப் போய்விட்டார். தான் ஒருவருக்குச் சமையல் பழக்கியது அவருக்குத் தெரியாது.

நன்றாக வந்தால் ஒரு நாளைக்கு இருபது சாப்பாடு எங்கள் குசினியில் இருந்தே எடுப்பதாகவும், அரிசி தானே தருவதாகவும் சிவகுரு சொன்னார். முதலில் செய்து காட்டவேண்டும். காட்டுவதற்கு அரிசி தரமாட்டார். என் கணவரும் சம்மதித்தார். அவளுக்கென்று ஒரு தொழில் வந்தால் நான் ஏன் அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பப் போகிறேன் என்றார். வராது என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

பொரிப்பதற்கு முதல்நாள் சோறு வேண்டும் என்பது பல்கீஸுக்குத் தெரியும். லாம் பானையில் இருந்து ஆறிய சோற்றை எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் காலத்தில் மிஞ்சிய சோறு என்று ஒன்று எந்த வீட்டிலும் இல்லை. அன்று இரவு தன் பங்கைச் சாப்பிடாமல் வைத்தாள். எங்கள் பக்கத்தில் இரவுச் சோற்றை வைப்பதென்றால் தண்ணீர் ஊற்றித்தான் வைப்போம். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அவளும் யோசிக்கவில்லை. காலையில் தண்ணீரை வடித்து, கையால் பிழிந்து, தாச்சிச் சட்டியில் போட்டாள்.

சிவகுரு முன்னறையில் கதிரையில் உட்கார்ந்து அதை வாயில் வைத்தார். தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தார். பேச ஏலாமல் இருந்ததென்று பிறகு தெரிந்தது.

"பிள்ளை, குறை நினைக்காதையும். பதுங்கு குழிச் சுவருக்குப் பூசினா குண்டுக்கும் தாங்கும்," என்றார்.

என் கணவர் சிரித்தார். அவர் நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

"முதலாளி, வியாழக்கிழமை இன்னொருக்கா வாங்க," என்றாள் பல்கீஸ் திரைக்குப் பின்னால் இருந்து.

"இன்னொருக்காவோ? பல்லு ரெண்டு பொய்ப்பல்லு, பிள்ளை. அது கழண்டு வந்திட்டுது."

"வியாழக்கிழமை கழறாது."

அவருக்கும் வேறு ஆள் இல்லை. வருவதாகச் சொல்லிப் போனார்.

பல்கீஸ் குசினிக்கு வந்து தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனிசனும் முதல்நாள் சோறுதானே எடுத்தார், மச்சி. என்ட கண்ணால கண்டனான்."

"ஓம். ஆனா அவர் தண்ணி ஊத்தல்ல," என்றேன்.

அவள் திரும்பினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பின்னேரத்தில சுளகில பரப்பி வைப்பார். காயப்போட்ட உடுப்பு எடுக்கப் போகக்குள்ள கண்டிருக்கிறன்."

"எத்தினை நாள்?"

"ஒவ்வொரு நாளும்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல."

பல்கீஸ் ஒரு பலகையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "இப்ப கேக்கிறன். வேற என்னெல்லாம் கண்டீங்க?"

நான் கண்டதெல்லாம் சொன்னேன். வெங்காயம் எல்லாம் உரித்து முடிந்தும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அவளுடைய பங்கோடு என் பங்கும் சேர்ந்தது. இருவரும் ரொட்டி தின்பதைக் கண்டு, பெண்களுக்குச் சோறு வெறுத்துவிட்டதா என்று என் கணவர் கேட்டார். ஓம் என்றோம்.

அவள் அன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். மத்தியானம் கழிந்த பிறகு அரிசியை அவித்து, நடுவில் கொஞ்சம் கடினம் இருக்கும்போதே வடித்தாள். சூட்டோடு சுளகில் வாழையிலை போட்டு மெல்லிதாகப் பரப்பினாள். மேலே காகத்துக்காக அறுந்த மீன்வலைத் துண்டு ஒன்று. கச்சான் காற்று வரும் யன்னலோரம் வைத்தாள். பொழுது பட்டதும் பானையில் அள்ளி, மூடி போடாமல் துணி கட்டி வைத்தாள். செம்பைத் தூக்கிக்கொண்டு அவள் ஒருமுறை பானைப் பக்கம் போனது உண்மை. பழக்கம்தான். நான் செம்பை வாங்கிக்கொண்டேன்.

காலையில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் உருட்டினாள். ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒன்பது மணிக்குத்தான் ஒட்டாமல் உருண்டது. கட்டிகளைக் கையால் உதிர்த்தாள். தாச்சியை வெறுமனே புகை வரும்வரை காயவிட்டு, அதன் பிறகு தேங்காயெண்ணெய் விட்டாள். முட்டையைப் பாதி வேகும்போது எடுத்து வைத்தாள். வெங்காயம், கூனி இறால், மிளகு. பிறகு சோறு, ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்கு மட்டும். எல்லாச் சோற்றையும் ஒன்றாகக் கொட்டினால் தாச்சி ஆறிவிடும். சோறு பொரியாது, அவியும். அமுக்கிக் கிண்டக்கூடாது, அடியில் இருந்து தூக்கிப் போடவேண்டும். முட்டை திரும்பக் கடைசியில். உப்பும் கடைசியில், அது தண்ணீர் விடும். லாம் கறுப்பாக ஏதோ ஊற்றினார். அது எங்களிடம் இல்லை. இல்லாமலே செய்தாள்.

சிவகுரு வந்து உட்கார்ந்தார். இந்தமுறை முன்னெச்சரிக்கையாகப் பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்தார். பிறகு பல்லை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

வெள்ளைக்காரருக்குக் கொண்டுபோவதற்காக இரண்டாவது தட்டு ஒன்று மூடி வைத்திருந்தது.

"முனாப், அதையும் இஞ்சால தாரும்," என்றார்.

"அது தொரைக்கெல்லோ?"

"தொரைக்கு நாளைக்கு. அரிசி பின்னேரம் வரும்."

பல்கீஸ் திரைக்குப் பின்னால் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, அடுத்த அறையில் இருந்த தன் அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "காக்கா, கிண்ணியாவுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. அலியார் முதலாளி நல்ல மனிசன், ஆள் விட்டுச் சொல்றது மரியாதையில்ல."

என் கணவர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு தோணி ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மாதத்தில் அலியார் வேறு இடத்தில் கலியாணம் முடித்தார். அவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஹொங்கொங்கில் தின்றது இது இல்லை என்று அந்த மேற்பார்வையாளர் சொன்னாராம். அதைச் சொல்லிக்கொண்டே யுத்தம் முடியும்வரை தினமும் சாப்பிட்டார். யுத்தம் முடிந்து வேலைத்தளத்தில் ஆட்கள் குறைந்த பிறகு, பல்கீஸ் கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுத்தாள்.

என் கணவர் இறந்து ஏழு வருடமாகிறது. அவர் இறந்த அடுத்த வருடம் நான் நொத்தாரிசிடம் போய், பின்னறையையும் குசினியையும் அதோடு சேர்ந்த காணித் துண்டையும் பல்கீஸ் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. அந்த அறையில்தான் இருக்கிறாள். நான் முன்பக்கத்தில் ஒரு சின்ன அடுப்புப் போட்டுச் சமைக்கிறேன்.