குங்குமக் காட்சியில் நின்ற கணினி

அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியை தீதி என்று கூப்பிடுவேன். அவர் மகளின் கல்யாணத்துக்கு மெயின்லேண்டிலிருந்து அவருடைய அக்கா வர முடியவில்லை. டிக்கெட் எடுத்த பிறகு வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மணப்பெண்ணைப் பாதி வளர்த்தவர் அவர். வீடியோ எப்போது வரும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கணினியோ மாப்பிள்ளை குங்குமம் வைக்கும் இடம் வரைக்கும்தான் ஓடியது. வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கும்போது அங்கே வந்து திரை உறைந்துவிடும். மவுஸ் அசையாது. சுவிட்சை அணைத்துத்தான் மறுபடி எழுப்ப வேண்டும். அந்தக் காட்சிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஊர்வலத்தில் நின்றது. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். அப்போதும் நின்றது.

"ஹோ ஜாயேகா நா, பெஹன்?" என்று, முடிந்துவிடும்தானே என்ற கவலையோடு தீதி வேலியோரம் நின்று இந்தியில் கேட்டார்.

"ஹோ ஜாயேகா, தீதி" என்றேன். குரலில் தெம்பே இல்லை.

என் கணவர் பாம்பூஃப்ளாட் போகும் ஃபெர்ரிப் படகில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறவர். மதியம் வீட்டுக்கு வந்தவர், நான் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கணினிப் பெட்டியைத் தொட்டார்.

"ஏம்மா, இது இவ்வளவு கொதிக்குதே?"

"உள்ள ஃபேன் சுத்திக்கிட்டுத்தாங்க இருக்கு."

அவர் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். அந்த முறை படம் குங்குமத்தைத் தாண்டி, ஊர்வலத்தையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. நின்றதில் வருத்தமில்லை. சூடுதான் கோளாறு என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

கணினியை அணைத்து மறுபடி போட்டு, தொடக்கத்திலேயே வரும் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். அது மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒருவரிடம் வாங்கிய பெட்டி. அவர் கேம் விளையாடுவதற்காக பிராசசரின் வேகத்தை கம்பெனி வைத்த அளவுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். அவர் அறையில் ஏசி இருந்தது. என் அறையில் தகரக் கூரைதான். வேகத்தைக் கம்பெனி அளவுக்கே இறக்கி, படத்தை மறுபடி ஓட்டினேன். சூடு ஏறுவது மெதுவானது, ஆனால் ஏறுவது நிற்கவில்லை.

"ஸ்பீடு கொறைச்சும் சூடாவுதுன்னா கூலிங்கில ஏதோ இருக்கு. தொறந்துருவோமா?" என்றார் என் கணவர்.

எனக்குப் பயம்தான். கெட்டுப்போனால் வேறு பெட்டி கப்பலேறி வர வேண்டும். "தொறங்க" என்றேன்.

விசிறிக்குக் கீழே இருந்த அலுமினியக் கட்டையின் இடுக்கெல்லாம் ஈரக் காற்றில் ஊறிய தூசி கம்பளி போல அப்பியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று என் கண்ணில் பட்டது: கட்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று முறிந்து, ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவியிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. பிராசசரின் சூடு கட்டைக்குப் போகவே வழியில்லை.

டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் புதுப் பசை வாங்கி வந்தேன். அந்த ஊசி கடையில் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் தன் கருவிப் பெட்டியிலிருந்து சின்ன நைலான் போல்ட்டும் நட்டும் வாஷரும் தேடி எடுத்திருந்தார். நான் பசை தடவினேன், அவர் முறுக்கினார்.

"போதுங்க, போர்டு வளைஞ்சிரும்!"

"அட, எனக்குத் தெரியாதா?" என்றாலும் அரைச் சுற்று தளர்த்தினார்.

மறுபடி ஓட்டினேன். சூடு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நிலைத்தது. குங்குமம், ஊர்வலம், விருந்து என்று படம் நகர்ந்துகொண்டே போனது. நாங்கள் இருவரும் டீ ஆறுவது தெரியாமல் திரையையே பார்த்திருந்தோம். முடிந்ததும் நான் வேலிக்கு ஓடி, "தீதி, ஹோ கயா!" என்று கத்தினேன். மாவுக் கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

படத்தை அனுப்பிய மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி வீடியோ காலில் வந்தார் தீதியின் அக்கா. கண் கலங்கியிருந்தாலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. பெண்கள் குலவையிடும் இடத்தை ஏன் இவ்வளவு குறுக்கினாய், வெட்டாமல் முழுசாக அனுப்பு என்று இந்தியில் அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதே உட்கார்ந்து, இன்னும் நீளமான படத்தைத் தயார் செய்யத் தொடங்கினேன்.