டீசலுக்கு முதல் இடம்

பணிமனையில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் ஓட்டுநர்கள் வைத்த பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று மட்டும் அவள் துருவாமல் விட்டது எப்படி என்றுதான் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஓடிக் களைத்து வரும் பேருந்துகளுக்கு டீசல் போட்டு, எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறித்து வைப்பாள். பம்பில் இருக்கும் மீட்டர் எண் காட்டும். அவள் அதை நம்பமாட்டாள். தொட்டியின் வாயில் டார்ச் அடித்துக் கழுத்துவரை நிறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆளில்லை. பாலைக் காட்டினாலும் மோந்து பார்ப்பாள்.

இது வளர்ப்பில் வந்த குணமல்ல, பட்டு வந்தது. அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது அப்பா, நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார். வரவே இல்லை. அம்மா பதினொரு வருடம் அந்த வார்த்தையை நம்பிக்கொண்டிருந்தாள். இவள் இரண்டாம் நாளே நம்புவதை விட்டுவிட்டு, நாலு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனைக் குளிப்பாட்டியது, பள்ளியில் சேர்த்தது, அவன் கொண்டுவந்த மதிப்பெண் அட்டை நிஜம்தானா என்று ஆசிரியரிடமே போய்க் கேட்டது எல்லாம் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, மாப்பிள்ளை வேலை பார்த்த அச்சகத்துக்கே நேரில் போய், வாசலில் நின்ற ஆளிடம் அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்தாள். தங்கமான பையன் என்று அந்த ஆள் சொன்னான். சொன்னது மாப்பிள்ளையேதான். அந்தச் சாட்சி செல்லாது என்று அவள் இன்றுவரை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி வளர்ந்து அதே நிறுவனத்தில் ஓட்டுநரானான். மலைத்தடம் அவனுடையது. பதினாறு வருடம் ஸ்டீயரிங் பிடித்ததில் முதுகு போய்விட்டது. இடுப்பில் பெல்ட் கட்டாமல் அவனால் வண்டியில் ஏற முடியாது.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்துக்குப் புது ஞானம் பிறந்தது. காற்றைக் கெடுக்காத, ஆட்களை வதைக்காத, பொறுப்பான போக்குவரத்து நிறுவனம் என்று பெயர் வாங்க வேண்டுமாம். அதற்குப் பன்னிரண்டு விஷயங்களை அளந்து மதிப்பெண் போடப் போகிறார்களாம். டீசல், புகை, டயர், பிரேக் சோதனை, ஓட்டுநரின் ஓய்வு, பயணிகளின் புகார் என்று ஒரு பட்டியலோடு அதிகாரி ஒருவர் வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே முக்கியத்துவம் கொடுக்க முடியாது, எது முதலில், எது கடைசியில் என்று ஒவ்வொரு பணிமனையும் வரிசைப்படுத்தி அனுப்பச் சொன்னார். மேலாளர் தாளை வாங்கித் துருவியின் மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள். பிரேக் சோதனை என்பது ஓட்டுநர் போடும் கையெழுத்து. பார்த்தானா இல்லையா, யார் கண்டது? ஓய்வு நேரமா? படுத்தவன் தூங்கினானா என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யார்? புகார்ப் பெட்டியின் சாவி தொலைந்து இரண்டு வருடம் ஆகிறது. டீசல் ஒன்றுதான் அவள் கண்ணாலேயே பார்ப்பது. டீசலுக்கு முதல் இடம் போட்டாள். பிரேக் சோதனை ஒன்பதாவது இடத்துக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் நேராகக் காரணமும் எழுதினாள். மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மற்ற பணிமனைகள் வெறும் எண்களை அனுப்பியிருந்ததால், காரணத்தோடு வந்த இவள் வரிசையையே அதிகாரி எல்லோருக்கும் வைத்துவிட்டார். அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்தில் வாசலில் பலகை வந்தது. எந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று வாராவாரம் அதில் எழுதினார்கள். மலைத்தடத்தில் நாலரைக்கு மேல் கொடுத்த வண்டி கிடையாது. தம்பியின் வண்டி ஐந்து கொடுத்தது, பிறகு ஐந்தரை, பிறகு ஆறுக்கு மேல். அதிகாரி நேரில் வந்து அவன் கையைக் குலுக்கினார். அடுத்த மாதம் முதல் அவன் பயிற்சியாளராம். முந்நூறு ஓட்டுநர்களுக்குச் சிக்கனமாக ஓட்டச் சொல்லிக்கொடுப்பான். உட்கார நாற்காலி, சாய முதுகுப் பலகை. தம்பி மனைவி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

துருவிக்குத்தான் தூக்கம் போனது. ஊரே மெச்சினாலும் அவளுக்கு அந்த ஆறு தொண்டையில் சிக்கிய முள். பம்பைச் சோதித்தாள், சரியாக இருந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரைச் சாலையோரக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்தாள், அதுவும் சரி. டீசலைத் திருடி விற்பவர்களை அவள் பிடித்திருக்கிறாள். வெளியிலிருந்து வாங்கிவந்து ஊற்றுகிற பைத்தியக்காரன் இருப்பானா என்றுகூட யோசித்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தம்பியிடமே கேட்டாள். பக்குவமாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வயதிலும் பொய் சொல்லும்போது அவன் இப்படித்தான் தரையைப் பார்ப்பான்.

வார விடுமுறையில், தம்பிக்குத் தெரியாமல் முகம் மறையத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவன் வண்டியின் கடைசி இருக்கையில் ஏறினாள். ஏற்றம் முழுவதும் இன்ஜின் முக்கி முனகிப் போனது. தப்பு எதுவும் தெரியவில்லை. உச்சியைத் தாண்டி வண்டி மூக்கைக் கீழே சாய்த்ததும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு அது தானாக உருண்டு இறங்கியது.

பக்கத்தில் இருந்த பெரியவர் வசதியாகச் சாய்ந்துகொண்டு, இறங்கும்போது இந்த வண்டி மட்டும் சத்தமே போடாது, நல்லாத் தூங்கலாம் என்றார். துருவிக்குப் புரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடிக்க வைப்பது, வண்டிக்கடியில் தனித் தொட்டியில் அடைத்த காற்று. இன்ஜின் ஓடினால்தான் தொட்டியில் காற்று ஏறும். ஒவ்வொரு வளைவிலும் அவன் பிரேக்கை மிதிக்க மிதிக்க, உஸ் உஸ் என்று இருக்கிற காற்று போய்க்கொண்டிருந்தது. ஏழாவது வளைவில் முன்னால் எச்சரிக்கை மணி கீச்சிட்டது. அவன் இன்ஜினைப் போட்டு, கொஞ்சம் காற்றை ஏற்றி, மறுபடி அணைத்தான். டீசல் மிச்சமாகும் ரகசியம் இவ்வளவுதான்.

அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அவள் முன்னால் போய் நின்றாள். தம்பி திடுக்கிட்டு, பிறகு மெல்ல பெல்ட்டைத் தளர்த்தினான்.

"எத்தனை நாளா?"

"போர்டு வெச்சதுலேர்ந்து."

"காத்து தீந்துட்டா?"

"தீர விட மாட்டேன். காது பூரா அந்த மணியிலதான் இருக்கும்."

"தீந்துட்டா என்ன பண்ணுவ?"

"நான் ஒண்ணும் திருடலையே. பன்னெண்டு விஷயம் இருந்துச்சு. டீசல முதல்ல வெச்சு, பிரேக்க ஒன்பதாவதா வெச்சது யாரு? நீதானே அக்கா?"

யார் யாரையோ சந்தேகப்பட்டவள், தன் பேனாவை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எதை அளக்க முடிந்ததோ அதையே முக்கியம் என்று எழுதிவிட்டாள். இடுப்பில் சுமந்த பிள்ளையை அவளே பள்ளத்தில் உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாளே தன் பெயர் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். வரிசை என்னுடையது, அது தப்பு என்பதுதான் முதல் வரி. தம்பி இறக்கத்தில் இன்ஜினை அணைப்பது இரண்டாவது வரி. அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டுக் கூடப்பிறந்தவன் மேல் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார். சந்தேகப்படுகிற வேலை அவருக்கு அன்றுதான் வந்திருக்கிறது. அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். மலைத்தடத்தில் இன்னும் மூன்று வண்டிகளின் எண் இந்த மாதம் ஏறியிருக்கிறது, மூன்று ஓட்டுநரும் தம்பியோடு டீ குடிப்பவர்கள். பயிற்சி ஆரம்பித்தால் முந்நூறு வண்டி இப்படி இறங்கும். அந்த நாலில் எந்த வண்டியில் வேண்டுமானாலும் நீங்களே ஏறிப் பாருங்கள். அவர் ஏறினார். வெளுத்த முகத்தோடு இறங்கினார்.

பலகை போனது, பிரேக் முதல் இடத்துக்கு வந்தது. தம்பிக்கு ஒரு மாதம் பணியிடை நீக்கம். பயிற்சியாளர் நாற்காலியும் போயிற்று. அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். தம்பி மனைவி, வளர்த்த கையே வெட்டிவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அவன் திரும்பி வந்து மலைத்தடத்தில் ஏறியபோது எண் நாலரைக்கு இறங்கியிருந்தது. அவளுக்கு அதிலும் நம்பிக்கையில்லை. எண்ணைக் குறைத்துக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது. அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் வண்டியின் கடைசி இருக்கையில் ஏறினாள், இந்த முறை முகத்தை மறைக்காமல். மூன்று வாரம் அவன் கண்டுகொள்ளவில்லை. நாலாவது வாரம், வண்டியை எடுப்பதற்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தான்.

"இன்னும் நம்பலையா?"

"இல்ல."

அவன் அவள் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு போய், இன்ஜின் மூடிக்குப் பக்கத்து இருக்கையில் வைத்தான்.

"பின்னாடி உக்காந்தா சரியா கேக்காது. இங்க வா."

அவள் போய் உட்கார்ந்தாள். உச்சி வந்தது, வண்டி மூக்கைச் சாய்த்தது. தம்பியின் கை கியருக்குப் போனபோது அவள் அதையே பார்த்தாள். அவன் ஒரு கியரைக் குறைத்தான். காலடியில் இன்ஜின் அலறியது, அடிவாரம்வரை அந்த அலறல் ஓயவில்லை.