பங்கர் மேட்டுச் செவ்வந்தி

மருதனார்மடம் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்த கடைக்காரர் எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹெலி மேலையிருந்து சுட்டது, பிள்ளை. தவமணியக்கா மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு நிண்டவா" என்றார். சட்டையெல்லாம் இரத்தமாக இருந்தது. அது அவருடைய இரத்தம் இல்லை.

உரும்பிராயில் தவமணியக்காவை அறிந்த உங்களுக்கு அவரின் வாயும் தெரியும், கையும் தெரியும். சாந்தமானவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். வேலி பாய்ந்த ஆட்டுக்கு மட்டையால் போட்டுவிட்டு, கேட்க வந்த ஆட்டுக்காரனுக்கும் ஓங்கியவர் அவர்.

அவரின் தங்கை முந்தின மாரியில் செத்தாள். குண்டுக்குப் பயந்து பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் இருந்தபோது, மழையில் ஊறிய அதன் மண்மேடு அப்படியே அவள்மேல் சரிந்தது. மண்வெட்டி தங்கைமேல் பட்டுவிடும் என்று அதை எறிந்துவிட்டுக் கையாலேயே தோண்டினார் தவமணியக்கா. இரண்டு நகங்கள் கழன்று தொங்கின. தங்கை பிணமாகத்தான் வந்தாள்.

பக்கத்துப் பக்கத்து வீடான எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்கர் அது; திரும்பவும் வெட்டி மூடினோம். அடுத்த புரட்டாதியில், காய்ந்த செவ்வந்திப் பூக்களை உதிர்த்து அதன் மேட்டில் விதைத்தார். "புல்லு வைச்சால் ஆடு ஏறி உழக்கும். செவ்வந்தி மணத்துக்கு ஆடு வாய் வைக்காது. வேர் பிடிச்சால் மண் நிக்கும்" என்றார்.

மார்கழியில் மேடு முழுக்கச் செம்மஞ்சளாகப் பூத்தது. என் கணவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மேலை இருந்து பாத்தால் பளிச்செண்டு தெரியும். எங்கடை பிள்ளையளைக் கொல்லப் போறா" என்று மண்வெட்டியோடு போனார். தவமணியக்கா கொடுவாக்கத்தியோடு மேட்டில் ஏறி நின்றார்.

"ஒரு செடியிலை கை வைச்சுப் பாரும் தம்பி, விரல் மிஞ்சாது. பூவைக் கண்டு குண்டு போடுறவன், பூவில்லாட்டிச் சும்மா போவானோ?"

சில நாளில் பொம்மர் விமானம் வந்தது. குண்டு பின்வளவில் விழுந்தது. எங்கள் பசுவின் தலை வேலியில் தொங்கியது. கிணற்றுக்கட்டு பிளந்து கிடந்தது. நல்ல மழை பெய்து ஊறிய நிலம். ஆனாலும் உள்ளே பிள்ளைகள்மேல் மேட்டு மண் சரியவில்லை. தவமணியக்கா என் கணவரிடம் ஒரு சொல்லும் குத்திக்காட்டவில்லை. அவர் வாயை அடக்கி நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

தவமணியக்காவின் செத்தவீட்டன்று சந்தையும் இல்லை, பூவும் இல்லை. என் கணவர் விம்மி விம்மி அழுதுகொண்டு மேட்டுப் பூவையெல்லாம் வெட்டத் தொடங்கினார். நான் அக்காவின் கத்தியை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"ஒரு மாலைக்கு இவ்வளவு காணும். மிச்சத்தைக் காய விடுங்கோ."

"செத்த மனிசிக்குப் பூவிலையும் கஞ்சத்தனமோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இந்தச் செடி பங்குனியோடை பட்டுப்போகும். வாற மாரிக்கு விதை ஆர் தாறது?"

வாற மாரியிலும் பங்கருக்குள்தான் இருப்போம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அக்காவின் கத்தி என்னிடம் இருக்கிறது. விதை பழைய பால்மா ரின்னுக்குள் மூடி இருக்கிறது. அவரின் கோபமும் என்னோடுதான். புரட்டாதி பிறந்ததும் மேட்டில் ஏறுவேன். முளை மிதிபடாமல் நிமிரும்வரை உங்கள் ஆடுகளைக் கட்டி வையுங்கள்.